சினிமா கேள்வி-பதில்: ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’

கேள்வி: இந்தப் படத்தை ஒரே செட்டில் எடுத்தார்கள் என்பது உண்மையா?
– கும்பகோணம் வாசகி

பதில்: உண்மைதான். 1962-ல் வந்த இந்தப் படத்தை இயக்குநர் ஸ்ரீதர் ஏறக்குறைய முழுவதும் ஒரே ஆஸ்பத்திரி செட்டிலேயே எடுத்தார். படப்பிடிப்பு ஒரு மாதத்துக்குள் முடிந்தது. செட் மாறாவிட்டால் லைட்டைக் கழற்றி மாட்டும் வேலை மிச்சம். அதில்தான் நாட்கள் கரையும். ஆனால் சிக்கனத்தை மட்டும் சொல்லி விட்டுவிடக் கூடாது. புற்றுநோயோடு வரும் வேணு, அவன் மனைவி சீதா, அவளை முன்பு காதலித்த டாக்டர் முரளி. அந்த ஒரே ஆஸ்பத்திரிக்குள் யாரும் யார் கண்ணிலிருந்தும் தப்ப முடியாது. நடுவே ஊட்டிக்கு ஒரு டூயட் போயிருந்தால் அந்த இறுக்கம் போயே போயிருக்கும்.

கேள்வி: ‘சொன்னது நீதானா’ பாட்டில் கேமரா கட்டிலுக்கு அடியில் போகிறதே, அது அவ்வளவு கஷ்டமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: ரொம்பவே. கேமரா தரையோடு தரையாக நகர வேண்டும்; அது நகரும் தண்டவாளம் ஃபிரேமில் தெரியக் கூடாது. மேலிருந்து அடிக்கும் லைட்டைக் கட்டில் மறைத்துவிடும் என்பதால் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் தர வேண்டும், கேமராவின் நிழலும் விழக் கூடாது. நகர நகர ஃபோகஸ் மாறும். இத்தனைக்கும் நடுவில் பி.சுசீலாவின் குரலுக்குச் சீதாவாக நடித்த தேவிகாவின் உதடு பிசகக் கூடாது; ஒன்று தப்பினாலும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஒளிப்பதிவாளர் ஏ.வின்சென்ட் வித்தை காட்டுவதற்காக இதைச் செய்யவில்லை. ‘நான் போனபின் முரளியை மணந்துகொள்’ என்று கணவன் சொன்னதும் வரும் பாட்டு அது. நோயாளியின் கட்டிலைச் சுற்றித்தான் அவள் உலகமே என்பதை அந்த ஒரு நகர்வு காட்டிவிடுகிறது.

கேள்வி: வேணு பிழைத்தபின் முரளி சாக வேண்டுமா?
– சேலம் வாசகி

பதில்: வேண்டும். அவர் இருந்தால், ‘முரளியை மணந்துகொள்’ என்று வேணு சொன்ன வார்த்தை அந்தத் தம்பதிக்கு நடுவில் காலமெல்லாம் நின்றிருக்கும். அடுத்த ஆண்டு ‘தில் ஏக் மந்திர்’ என்று இந்தியில் எடுத்தபோதும் ஸ்ரீதர் இந்த முடிவில் கை வைக்கவில்லை.

கேள்வி: எங்கள் டிவியில் முகமெல்லாம் அகலமாகத் தெரிகிறது. பிரின்ட் கோளாறா?
– மதுரை வாசகர்

பதில்: இல்லை. அந்தக் காலப் படங்களின் ஃபிரேம் ஏறக்குறைய 4:3, அதாவது அகலம் 4 பங்கு என்றால் உயரம் 3 பங்கு. உங்கள் டிவி அதை 16:9-க்கு இழுக்கிறது. பிக்சர் சைஸை 4:3-க்கு மாற்றுங்கள். ‘ஜூம்’ வேண்டாம், மேலும் கீழும் வெட்டுப்படும், வின்சென்ட் பார்த்துப் பார்த்து வைத்த ஃபிரேம் பாழாகும். இருபக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.