ஆச்சியின் பாம்படத்தை அழித்து ஆசாரியிடம் ஜிமிக்கி செய்யலாமா?

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஆச்சி காதில் போட்டிருந்த பாம்படம் ஒரு ஜோடி இருக்கிறது. அதை அழித்து மகளுக்கு ஜிமிக்கி செய்யணும். நெல்லை டவுனில் தெரிந்த ஆசாரியிடம் கையால் செய்யச் சொல்ல ஆசை. ஹால்மார்க் இல்லாமல் செய்வது சட்டப்படி தப்பு, என்னிடம் கொடுங்கள், முத்திரையோடு வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். ஆசாரிக்கும் நியாயமான கூலி போய்ச் சேரணும். என்ன செய்ய?"

முதலில் பயத்தை விடுங்கள் அம்மா. உங்கள் தங்கத்தைக் கொடுத்து, கூலி கொடுத்து நகை செய்துகொள்வது குற்றமில்லை. 2021 ஜூனில் வந்த கட்டாய ஹால்மார்க் விதி, நகை விற்கிறவர்களுக்கானது. அதிலும் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை வியாபாரம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. சந்துக்குள் பட்டறை போட்டிருக்கும் ஆசாரி பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுவார்.

இந்த விலக்கை ஆளாளுக்குத் திரித்துச் சொல்வதால் இன்னொரு தடவை சொல்கிறேன். விலக்கு முத்திரைக்குத்தான், மாற்றுக்கு, அதாவது தங்கத்தின் சுத்தத்துக்கு, இல்லை. 22 காரட் என்று பேசினால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் இருந்தே ஆகணும். முத்திரை இல்லாத நகையையும் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் நீங்களே கொடுத்துச் சோதிக்கலாம். ஒரு ஜோடிக்கு வரி போக 200 ரூபாய்தான். இதை ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல ஆசாரி கோபப்பட மாட்டார்.

இப்போது அந்த 'ஒருவர்' விஷயத்துக்கு வருவோம். வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்தபோது நான் அதிகம் வயிறெரிந்தது பாம்படத்தைப் பார்த்துத்தான். அது கட்டித் தங்கம் இல்லை. மேலே தகடு, உள்ளே அரக்கு. தரகர் கையில் தூக்கிப் பார்த்து, "பாதி அரக்குதான் ஆச்சி" என்று கண்மதிப்பில் கழித்துவிடுவார். அப்படிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஆசாரி பக்கத்தில் நீங்களே உட்காருங்கள். அப்படியே ஓர் எடை. இளஞ்சூட்டில் காட்டினால் அரக்கு கறுப்பாகக் குழைந்து இறங்கும், அதை வழித்தெடுத்தபின் தகடு ஓர் எடை. உருக்கிய கட்டி ஓர் எடை. மூன்றையும் ஒரே தாளில் எழுதி, கட்டியின் டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு தங்கம் என்பதை, பார்த்து அதையும் கீழே குறியுங்கள். பழைய தங்கம் என்பதாலேயே 916 இருக்கும் என்று நம்ப வேண்டாம், பற்றவைத்த பொடி மாற்றை இறக்கியிருக்கும்.

மனசு வந்தால் ஒரு காதுப் பாம்படத்தையாவது அழிக்காமல் வையுங்கள். அதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன.

கூலிக்கு வருகிறேன். கடையில் 16 கிராம் நகைக்கு 15 சதவீதம் சேதாரம் போட்டால் 2.4 கிராம் தங்கத்தின் விலை. அதில் உட்கார்ந்து ஊதி, தட்டி, கம்பி இழுத்தவருக்குப் போவது பேசிய கூலி மட்டும். உண்மையான சேதாரம் அரத்தூள்தான். பட்டறைக் குப்பையைக்கூட விலைக்கு வாங்கிப் போக ஆள் இருக்கிறது. அதனால் சதவீதம் பேசாதீர்கள். கூலியைப் பணமாகப் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுங்கள். மிச்சத் தங்கத்தை எடை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரையில் பிஐஎஸ் என்னும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சின்னம், மாற்று, 6 எழுத்து எண் மூன்றுக்கும் இடம் இருக்கிறது. செய்தவன் பெயருக்கு மட்டும் இடமில்லை. இத்தனை விதி எழுதியவர்களுக்கு அது ஏன் தோன்றவில்லை என்று எனக்கு இன்றுவரை ஆத்திரம்தான்.

'கேடிஎம் நகை, சுத்தம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது காட்மியம் கலந்து பற்றவைத்தது, மாற்றுக்கான அத்தாட்சி இல்லை. அந்தப் புகை ஆசாரியின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காட்மியம் இல்லாத பொடி வேண்டும் என்று கேளுங்கள், அதற்குக் கூடுதல் கூலி கேட்டாலும் கொடுங்கள்.

முத்திரை குத்திய நகையையே யாராவது நீட்டினால், பிஐஎஸ் கேர் செயலியில் அந்த 6 எழுத்தைப் போட்டுப் பாருங்கள். காதணி வகை வரவேண்டிய இடத்தில் மோதிரம் என்று வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், ஜிமிக்கியில் கல் பதித்தால், பதிக்கும் முன்பே கல்லின் எடையைத் தனியாக எழுதி வாங்குங்கள்.