பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாலு டியூஷன். நம் பிள்ளைக்கு எத்தனை?

கேள்வி:

என் மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. நல்ல பள்ளி இருக்கிறது என்பதற்காகவே ஆறு வருடங்களுக்கு முன் கடன் வாங்கி இந்தப் பகுதியில் வீடு வாங்கினோம். அப்போது மகளின் வகுப்பில் நாலு செக்‌ஷன், 160 பிள்ளைகள். இன்று எட்டு செக்‌ஷன், 320 பேர். புதுக் குடியிருப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. வரும் பிள்ளைகள் எல்லோரும் படிப்பில் கெட்டி. முன்பு 30-வது ரேங்க் எடுத்தவள் இப்போது 58-வது. கணக்கில் மட்டும் 80-லிருந்து 62-க்கு இறங்கிவிட்டாள். மற்ற பாடங்களில் 85-க்குக் குறைவதில்லை.

தொகைகளைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால் மாத வருமானத்தை 100 பங்கு என்று வைத்துச் சொல்கிறேன். வீட்டுக் கடன் தவணை 36, வீட்டுச் செலவு 33, பள்ளிக் கட்டணமும் வண்டியும் 8, டியூஷன் 17, காப்பீடு 3, சேமிப்பு 3. டியூஷனில் மகளுக்கு 12 (கணக்குக்குத் தனி ஆசிரியர் 5, இயற்பியல் 3, வேதியியல் 2, ஆங்கிலம் 2). மகனுக்கு 5 (கணக்கு 3, அவனுக்குப் பிடித்த கணிதப் போட்டி வகுப்பு 2). அவசரத்துக்கென்று 200 பங்கு, அதாவது இரண்டு மாத வருமானம், வங்கியில் இருக்கிறது.

இப்போது ஒரு கோச்சிங் மையம் மகளை நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு அழைக்கிறது. மாதம் 8 பங்கு. முழு வருடத்துக்கும் மொத்தமாகக் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. இந்த மாதமே சேர்ந்தால்தான் இடம் என்கிறார்கள். அவசரப் பணத்தை எடுத்துக் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். அவள் தோழிகள் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள். என்ன செய்வது?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தாய்

பதில்:

கணக்கைப் பங்காகப் பிரித்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. கூச்சத்துக்காகச் செய்தீர்கள், ஆனால் பார்க்க வேண்டியது அப்படியே வெளியே வந்துவிட்டது. சேமிப்பு 3, டியூஷன் 17. இந்த இரண்டு எண்ணையும் ஒரு காகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கணவரிடம் காட்டுங்கள். நான் சொல்லப் போவதில் பாதி அதிலேயே இருக்கிறது.

பணத்துக்குப் போகும் முன் ரேங்க். 160 பேரில் 30-வது என்றால் மேலிருந்து ஏறக்குறைய 19 சதவீதத்தில் இருந்தாள். 320 பேரில் 58-வது என்றால் 18 சதவீதம். உங்கள் மகள் சறுக்கவில்லை. கூட்டம்தான் பெருத்தது. அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள், ஒரு அங்குலம் முன்னால்கூட. வளரும் பள்ளிகளில் பெற்றோர் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் கண்ணி இது. ரேங்கை எண்ணாகப் பார்க்கிறார்கள், எத்தனை பேரில் என்று பார்ப்பதில்லை. இந்தப் பயத்தை வைத்துத்தான் கோச்சிங் மையத்து விற்பனையாளர் பேச்சைத் தொடங்கியிருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

கணக்கில் 80-லிருந்து 62 என்பது வேறு விஷயம். அது நிஜமான ஓட்டை. அதை அடைக்கத்தான் வேண்டும்.

டியூஷன் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதில் இரண்டு செலவுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று ஓட்டை அடைக்கும் டியூஷன். பின்னங்கள் புரியவில்லை, இயற்கணிதத்தில் அடித்தளம் ஆடுகிறது, ஒரு ஆசிரியர் பிடித்து உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார், புரிகிறது, முடிந்தது. இதற்கு முடிவுத் தேதி உண்டு. இன்னொன்று ஓட்டத்தில் பின்தங்கக் கூடாது என்று வாங்கும் டியூஷன். அதற்கு முடிவே கிடையாது. தோழி இரண்டு வகுப்புக்குப் போனால் நீங்கள் மூன்று, நீங்கள் மூன்று என்றால் அவர்கள் நாலு. 320 வீடுகளும் சேர்ந்து செலவை ஏற்றினால் ரேங்க் பட்டியல் அப்படியேதான் இருக்கும், எல்லோருடைய சேமிப்பும் மட்டும் குறையும். தென்கொரியா 1980-ல் தனியார் டியூஷனையே தடை செய்து பார்த்தது. ரகசியமாக நடந்தது. 2000-ல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தடையைச் செல்லாது என்றது. சீனா 2021-ல் பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்துவதைத் தடுத்தது. அங்கேயும் அது மறைவில் தொடர்ந்தது. அரசாங்கங்களாலேயே நிறுத்த முடியாத ஓட்டத்தை நீங்களும் நானும் நிறுத்த முடியாது. அதற்காக நம் வீட்டு அடுப்பை எரித்து ஓட வேண்டியதில்லை.

டியூஷனால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 96 ஆய்வுகளைச் சேர்த்து 2020-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, டியூஷன் கிடைத்த பிள்ளைகள் சராசரியாக 0.37 திட்ட விலகல் அளவு முன்னேறியதாகக் கண்டது. நூறு பேரில் நடுவில் நிற்கும் பிள்ளை 36-வது இடத்துக்கு முன்னேறுவதைப் போல. கல்விக்குச் செய்யும் செலவில் இது நல்ல பலன்தான். ஆனால் ஒப்பிட்டது டியூஷன் கிடைக்காத பிள்ளைகளோடு. உங்கள் பள்ளியில் அப்படி எத்தனை பேர் மிச்சம்? பாடம் புரிவதில் வரும் பலன் யார் போனாலும் போகாவிட்டாலும் உங்கள் மகளுக்குக் கிடைக்கும். ரேங்கில் வரும் பலன் எல்லோரும் போகும்போது கரைந்துவிடும். புரிதலுக்குப் பணம் கொடுங்கள். ரேங்குக்குக் கொடுக்காதீர்கள்.

விளம்பரத் தாளில் ‘தனி ஆசிரியர் வைத்தால் நடுத்தர மாணவரும் முதல் இரண்டு சதவீதத்துக்கு வந்துவிடுவார்’ என்று பார்த்திருப்பீர்கள். 1984-ல் பெஞ்சமின் புளூம் என்ற கல்வி ஆய்வாளர் எழுதியதிலிருந்து எடுப்பது அது. பின்னால் வந்த பெரிய தொகுப்புகள் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இன்னொரு கணக்கும் பாருங்கள். இங்கிலாந்தில் கல்வி ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அறக்கட்டளை ஒன்று, ஒருவருக்கு ஒருவர் பாடம் ஐந்து மாதப் படிப்புக்கு ஈடான கூடுதல் முன்னேற்றம் தருவதாகவும் சிறு குழுப் பாடம் நான்கு மாதம் தருவதாகவும் கணிக்கிறது. நான்கு பேர் சேர்ந்தால் ஆசிரியர் கட்டணம் நாலில் ஒன்றுக்குப் பக்கத்தில் வரும், பலனோ ஐந்தில் நாலு. உங்கள் கணக்கு ஆசிரியரிடமே கேட்டுப் பாருங்கள். மகளின் நிலையில் இருக்கும் இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்தால் ஒப்புக்கொள்ளக்கூடும்.

இப்போது அந்த வருடப் பேக்கேஜ். மாதம் 8 வீதம் 12 மாதத்துக்கு 96. தள்ளுபடி போக 86.4. மகள் பன்னிரண்டு மாதமும் ஒரு வகுப்பு விடாமல் போனால் இது நல்ல பேரம், ஒப்புக்கொள்கிறேன். எந்த வைப்புநிதியும் அந்த அளவுக்குத் தராது. ஆனால் 86.4-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள்: 10.8. பதினொன்றாம் மாதம் பாதிக்கு மேல் தாண்டினால்தான் உங்களுக்கு லாபம். அதற்கு முன் எப்போது நின்றாலும், மாதாமாதம் கட்டியிருந்தால் ஆகும் செலவைவிட அதிகம் கொடுத்திருப்பீர்கள். நீண்ட விடுமுறை, பள்ளித் தேர்வு வாரங்கள், காய்ச்சல், பிடித்த ஆசிரியர் வேலையை விட்டுப் போவது எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள்.

இதைப் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. என் பெரியவளுக்கு நானே ஒரு வருடத்தை மொத்தமாகக் கட்டினேன். நாலாம் மாதம் ‘அப்பா, அங்கே எனக்கு ஒன்றும் புரியவில்லை’ என்றாள். மிச்சம் இருந்த மணிநேரங்களைத் தம்பிக்கு மாற்றித் தர முடியாது, பணமும் திரும்ப வராது, ஆறு மாதத்தில் காலாவதி என்றார்கள். எல்லாம் நான் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது. ஊருக்கெல்லாம் தாளைப் படியுங்கள் என்று சொல்கிறவன் அன்றைக்குப் படிக்கவில்லை.

இன்னொன்று. முன்பணம் வாங்கிய மையம் மூடிவிட்டால், பாக்கியைத் திரும்பப் பெறும் வரிசையில் நீங்கள் கிட்டத்தட்ட கடைசியில் நிற்பீர்கள். புதிதாக வளரும் பகுதியில் மையங்கள் வேகமாகத் திறக்கின்றன, அதே வேகத்தில் மூடவும் செய்கின்றன. ஒரு தவணைக் காலத்துக்கு மேல் முன்பணம் கொடுக்க மாட்டேன் என்று முடிவாகச் சொல்லுங்கள். இந்த மாதம் விட்டால் இடமில்லை என்பார்கள். இடமில்லாத கடை கூவி விற்குமா?

அவசரப் பணத்தைத் தொடவே வேண்டாம். 200-லிருந்து 86 போனால் மிச்சம் 114. டியூஷனையும் சேமிப்பையும் விட்டுவிட்டால்கூட உங்கள் வீடு ஓட மாதம் 80 வேண்டும். வருமானம் முழுவதும் நின்றால் ஒன்றரை மாதம் தாங்காது. அந்த நிலையில் வீட்டுக் கடன் தவணை தவறும். வீடு போனால் பள்ளியும் போகும். எதற்காக இங்கே வந்தீர்களோ அதுவே ஆட்டம் காணும்.

எதை வெட்டலாம்? மகளின் கடைசி மூன்று கணக்குத் தேர்வுத் தாள்களை எடுங்கள். போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள்: தெரியவில்லை, தெரியும் ஆனால் மறந்துவிட்டது, கவனக்குறைவு. அவளே எழுதட்டும், நீங்கள் எழுதினால் சண்டை வரும். தெரியவில்லை என்பதற்கு மட்டும்தான் ஆசிரியர் தேவை. மறந்தது என்பதற்கு மருந்து இலவசம்: புத்தகத்தை மூடிவிட்டுத் தனக்குத் தானே தேர்வு வைத்துக்கொள்வது. திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை மூடிவைத்து நினைவுகூர்ந்து எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்ததை 2006-ல் இரண்டு உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். வீட்டில் பழைய வினாத்தாளும் ஒரு கடிகாரமும் போதும்.

தனிக் கணக்கு ஆசிரியரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, 12 வாரத்தில் எதை முடித்துத் தருவீர்கள் என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் பட்டியல் தருவார். ‘போகப் போகப் பார்க்கலாம்’ என்றால் ஆளை மாற்றுங்கள். இயற்பியலில் அவள் 85-க்கு மேல் எடுக்கிறாள். வாராவாரம் வேண்டாம், மாதம் ஒருமுறை சந்தேகம் தீர்க்கும் வகுப்பு போதும், அதற்கு 1 பங்கு. வேதியியலும் ஆங்கிலமும் இந்த மாதத்தோடு போகட்டும். மகனின் கணக்கு டியூஷனுக்கு உங்கள் கடிதத்தில் ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லை; நிறுத்துங்கள். போட்டி வகுப்பு அவனுக்குப் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிடாதீர்கள், அந்த 2 பங்கு வீண் இல்லை. ஆக 5, 1, 2: மொத்தம் 8.

நுழைவுத் தேர்வு விஷயத்தில் நான் பழைய காலத்து ஆள் என்று நினைத்தாலும் பரவாயில்லை. 62 எடுக்கும் கணக்கின் மேல் நுழைவுத் தேர்வுப் பயிற்சியை அடுக்குவது புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை. அடித்தளம் சரியாகட்டும். அடுத்த வருடம் அவளே அந்தப் பாதை வேண்டும் என்று சொன்னால், மாதக் கட்டணத்தில், ஒரு மாதம் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள். நாலு டியூஷனோடு இதையும் சேர்த்தால் எப்போது தூங்குவாள் என்றும் யோசியுங்கள். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணிநேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

17-லிருந்து 8 போனால் மாதம் 9 மிச்சம். பழைய சேமிப்பு 3-ஐச் சேர்த்தால் 12. முதல் பத்து மாதம் அதை அவசர நிதியில் போடுங்கள். 200 என்பது 320 ஆகும், நாலு மாத அவசியச் செலவு. அதன் பிறகு மகள் கல்லூரிக்குப் போக ஏறக்குறைய 38 மாதம் இருக்கும். வரி போக ஆண்டுக்கு 6 சதவீதம் என்று அடக்கமாக வைத்தாலும் மாதம் 12 வீதம் போட்டால் கையில் சுமார் 500 பங்கு நிற்கும். ஐந்து மாத முழு வருமானம். மூன்றே வருடத்தில் எடுக்க வேண்டிய பணம் என்பதால் பங்குச் சந்தைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மகனுடைய பங்கைச் சேர்க்கத் தொடங்கும்போது வேண்டுமானால் அதைப் பற்றித் தனியாகப் பேசலாம், அவனுக்கு எட்டு வருடம் இருக்கிறது. ஓய்வுக்காலச் சேமிப்பு என்று உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. வேலை வழியாகப் பிடித்தம் எதுவும் இல்லையென்றால், அவசர நிதி நிறைந்ததும் 12-ல் 4-ஐ அதற்கு ஒதுக்குங்கள். கல்லூரி நிதி 500-க்குப் பதில் 330 ஆகும். படிப்புக்குக் கடன் கிடைக்கும். முதுமைச் செலவுக்கு அப்படிக் கிடைப்பது கடினம்.

தோழிகள் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள் என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. அதில் வலி இருக்கிறது, அது நிஜம். ஆனால் நாலு டியூஷனில் எதை விடலாம் என்று மகளிடமே இன்று இரவு கேட்டுப் பாருங்கள். நான் சொன்ன வேதியியலையோ ஆங்கிலத்தையோ அவள் முதலில் சொன்னால், அந்த ஆசிரியருக்கு நாளை காலையே நன்றி சொல்லிவிடுங்கள். இந்த மாதக் கட்டணம் இன்னும் கட்டவில்லை என்றால் 2 பங்கு இப்போதே மிச்சம். வேறொன்றைச் சொன்னால், ஏன் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.