மூளையில் ஏவிஎம் இருந்தால் ஆபரேஷன் செய்யலாமா? கை கால் விழுந்துவிடுமா?

தங்கைக்கு ஸ்கேனில் ஏவிஎம் என்று வந்திருக்கிறது, தலையைத் திறந்தால் கை கால் விழுந்துவிடும் என்று பயமாக இருக்கிறது என எழுதியிருக்கிறீர்கள். உங்களை இப்படிப் பயமுறுத்தியது டாக்டராக இருக்காது, சொந்தக்காரர்களாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் அதே பேச்சைக் கேட்டு அம்மா சாப்பிடாமல் கிடந்தார். நான் டாக்டர் இல்லை. தம்பிக்கு நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தவள், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஏவிஎம் என்பது மூளையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும் முடிச்சு. ரத்தம் கொண்டுவரும் தமனிக்கும் அதைத் திரும்பக் கொண்டுபோகும் சிரைக்கும் நடுவில் இருக்க வேண்டிய நுண்குழாய்கள் அந்த இடத்தில் இருக்காது. மதகில்லாத வாய்க்கால் மாதிரி, தமனியின் வேகம் அப்படியே மெல்லிய சிரைக்குள் பாயும். தம்பிக்குக் காலேஜ் படிக்கும்போது அது வெடித்துவிட்டது. முதலில் வலிப்பு, அப்புறம் வாந்தி, பிறகு நினைவில்லை.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, தங்கைக்கு ரத்தம் கசிந்ததா இல்லையா என்பது. இங்கேயே இன்னொருவர், ஆபரேஷனே வேண்டாம் என்று அரூபா ஆராய்ச்சி சொல்லிவிட்டது என எழுதியிருக்கிறார். 2014இல் லான்செட்டில் வந்த அந்த ஆய்வு, ஒருமுறைகூடக் கசியாதவர்களைப் பற்றியது. சராசரியாக மூன்று வருடத்துக்கும் குறைவாகத்தான் அவர்களைக் கவனித்தார்கள். அதில் கத்தி வைத்த சிகிச்சை நடந்தவர்களும் கொஞ்சம் பேர்தான். கசியாதவர்கள் அவசரப்பட வேண்டாம் என்பதற்கு அது நல்ல ஆதாரம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருமுறை வெடித்தவர்களிடம் அதைக் காட்டி ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்வது நியாயமில்லை.

அடுத்து கிரேடு, அதாவது ஆபரேஷன் எவ்வளவு ஆபத்து என்று காட்டும் எண். ஸ்பெட்ஸ்லர், மார்ட்டின் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் 1986இல் போட்ட கணக்கு இது. ஏவிஎம்மின் அளவு 3 செ.மீ.க்குள் என்றால் 1, 6 வரை 2, அதற்கு மேல் 3. பேச்சு, கை கால் அசைவு, பார்வை போன்றவற்றை நடத்தும் இடத்தில் இருந்தால் ஒன்று கூடும். ஆழத்துச் சிரை வழியாக வடிந்தால் இன்னொன்று கூடும். கூட்டி வருவதுதான் கிரேடு. அது 1, 2 என்றால் பெரும்பாலும் தைரியமாக ஆபரேஷன் செய்கிறார்கள். 4, 5 என்றால் தொடாமல் விடுவதே நல்லது என்பார்கள். சின்னதாக ஆழத்தில் இருந்தால் காமா நைஃப் கதிர்வீச்சு உண்டு, ஆனால் ஏவிஎம் அடைபட இரண்டு மூன்று வருடம் ஆகும், அதுவரை கசியும் ஆபத்து அப்படியே இருக்கும்.

தம்பிக்கு வலது நெற்றிப்பக்கம், கிரேடு 2. முதலில் தொடை வழியாக மெல்லிய குழாயை மூளைவரை கொண்டுபோய், ஆனிக்ஸ் என்ற பசை மாதிரியான திரவத்தால் சில தமனிகளை அடைத்தார்கள். அப்புறம்தான் மண்டையைத் திறந்தார்கள். ரத்தம் கொண்டுவரும் தமனிகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டுச் சிரையைக் கடைசியில்தான் வெட்டுவார்களாம், முந்தி வெட்டினால் முழுதும் புடைத்து வெடித்துவிடும். தமனி ரத்தம் பாய்ந்து சிவந்து கிடந்த சிரை, எல்லாம் மூடியதும் நீலமாக மாறியதாக டாக்டர் சொன்னார். நடுவில் ஐசிஜி என்ற சாயத்தை ஊசியில் ஏற்றி, மைக்ராஸ்கோப்பிலேயே எந்தக் குழாயில் எது ஓடுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். இந்த வசதி இருபது வருடத்துக்குள் பரவியதுதான். உங்கள் பெரியவர்கள் சொல்லும் கதைகள் அதற்கு முந்திய காலத்தவை.

பிறகு எடுத்த ஆஞ்சியோகிராமில், அதாவது ரத்தக் குழாய்களைக் காட்டும் எக்ஸ்ரே படத்தில், ஏவிஎம் ஒன்றும் மிச்சமில்லை. இடது கையில் கொஞ்சம் பலவீனம் இருந்தது, ஆனால் அது கசிவால் வந்தது, ஆபரேஷனால் அல்ல. பிசியோதெரபியில் பெரும்பாலும் தேறிவிட்டான். இப்போது வேலைக்குப் போகிறான், வலிப்பு மாத்திரை மட்டும் தொடர்கிறது. எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை.

சொல்லாமல் விட முடியாத ஒன்று, இன்சூரன்ஸ். வருடக்கணக்கில் பிரீமியம் வாங்கிய கம்பெனி, இது பிறவிக் குறைபாடு என்று ஒரே வரியில் க்ளெய்மைத் தள்ளிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் மூளைக்குள் இருந்ததை நாங்கள் எப்படி முன்கூட்டியே அறிவிப்போம்? அப்பா நகையை வைத்துத்தான் பில் கட்டினார். உங்கள் பாலிசியில் பிறவிக் கோளாறு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், அட்மிஷன் போட்ட பிறகு பார்க்காதீர்கள்.

தங்கையின் கிரேடு என்ன, கசிந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். எங்கள் ரிப்போர்ட்டை வைத்துத் தெரிந்ததைச் சொல்கிறேன்.