சர்க்கரை யார் இரத்தத்தில் ஊறியது?

கேள்வி: பால் ஸிமெட் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி 1987 முதல் நம் மொரிஷியஸில் ஊர் ஊராக இரத்தம் எடுத்து ஆராய்ந்தார். அவருக்குப் பேர் கிடைத்தது. நமக்கு என்ன கிடைத்தது? சர்க்கரை நம் தமிழர் இரத்தத்திலேயே ஊறியது. தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு வந்தது, எனக்கும் வரத்தான் போகிறது. இதற்கு ஆராய்ச்சி எதற்கு?
– வாசகர், ரோஸ் ஹில்

பதில்: நீங்கள் இவ்வளவு உறுதியாகச் சொல்கிற அந்த "தமிழர் இரத்தம்" கதையைத்தான் அந்த ஆராய்ச்சி முதலில் உடைத்தது.

1987இல் 25 முதல் 74 வயது வரையிலான சுமார் ஐயாயிரம் பேரைச் சோதித்தார்கள். இந்துக்கள் (தமிழர் இதில் அடக்கம்), முஸ்லிம்கள், கிரியோல்கள், சீனர்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். நான்கு பிரிவிலும் பத்துப் பேரில் ஒருவருக்குச் சற்று மேலாகவே சர்க்கரை நோய். பிரிவுக்குப் பிரிவு வித்தியாசம் சொற்பம். கிரியோல்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வந்தவர்கள், சீனர்களின் முன்னோர் தென்சீனத்திலிருந்து. இரண்டு கண்டத்து வம்சங்கள் ஒரே தீவில் வாழ்ந்து ஒரே நோயில் வந்து நிற்கின்றன என்றால், காரணத்தை வம்சத்தில் மட்டும் தேடுவது எப்படிச் சரியாகும்? குடும்பத்தில் இருந்தால் ஆபத்து கூடும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 2009இல் அதே போன்ற ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு மேல் சர்க்கரை. இருபத்திரண்டு வருஷத்தில் மரபணு மாறாது. உடம்பு எடையும், உட்கார்ந்திருக்கும் நேரமும், தட்டில் விழுவதும் மாறும்.

ஸிமெட் இங்கே வந்ததும் தற்செயலாக அல்ல. 1975இல் பசிபிக் கடலில் உள்ள நவ்ரு தீவில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை இருப்பதை அவர் கண்டார். பாஸ்பேட் தாது தோண்டி விற்ற பணம் வந்து, மீன்பிடியும் தோட்டவேலையும் போய், கப்பலில் வந்த உணவு நிறைந்த தீவு அது. அங்கே இருந்தது பெரும்பாலும் ஒரே இனம் என்பதால் "அது அவர்கள் பிறவிக் கோளாறு" என்று சொல்லித் தப்பிக்க இடம் இருந்தது. பல இனங்கள் சேர்ந்து வாழும் மொரிஷியஸில் அந்த இடம் இல்லை.

நமக்கு என்ன கிடைத்தது என்று கேட்டீர்கள். உங்கள் அடுப்படியிலேயே கிடைத்தது. அதுவரை ரேஷன் எண்ணெயில் பெரும்பங்கு பாமாயில். பாமாயிலில் ஏறத்தாழ பாதி, கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு, சோயா எண்ணெயில் அது ஆறில் ஒரு பங்குதான். 1987இல் அரசு ரேஷன் எண்ணெயை முழுக்கச் சோயாவாக மாற்றியது. ஐந்து வருஷம் கழித்து மறுபடி அளந்தபோது மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. ஒரு நாடே இவ்வளவு இறங்குவது அபூர்வம். ஆண்களில் புகைப்பவர்களும் 58 சதவீதத்திலிருந்து 47க்குக் குறைந்தார்கள். ஆனால் உடல் பருமன் ஏறியது, சர்க்கரை குறையவே இல்லை. எண்ணெயை அரசாங்கம் மாற்றிவிட்டது. எத்தனை கரண்டி ஊற்றுவது என்பதை யாரும் மாற்றவில்லை. எந்த எண்ணெயானாலும் ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி இருக்கிறது. காலையில் ஒரு ஜோடி தால் பூரி, மாலையில் கடலைப்பருப்பு வடை, நடுவே நாலு தடவை சீனி போட்ட பால் தேநீர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். (சோயா எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது சீக்கிரம் கெடும் என்பதும் வடை சுடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.)

"எனக்கும் வரத்தான் போகிறது" என்று உட்கார்ந்திருக்காமல் இடுப்பை அளங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்ட பின் அளக்க வேண்டும். பெல்ட் போடுகிற இடத்தில், தொந்திக்குக் கீழே அளந்தால் குறைவாகக் காட்டும். நம்மவர்களுக்கு ஆபத்தின் எல்லை ஆண் 90 செண்டிமீட்டர், பெண் 80. இந்த எல்லையை 2005இல் வகுத்த குழுவிலும் ஸிமெட் இருந்தார்.

அடுத்தது இரத்தம். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் பலருடைய நோய் நழுவிவிடும். அந்த ஆய்வில் செய்தது போலச் செய்ய வேண்டும்: இரவு முழுக்கப் பட்டினி இருந்து ஒருமுறை இரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிஷத்துக்குள் குடித்து, குடிக்கத் தொடங்கியதிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் மறுபடி கொடுக்க வேண்டும். நடுவில் நடை, சிகரெட் கூடாது. வெறும் வயிற்றில் லிட்டருக்கு 7.0 மில்லிமோல், அல்லது இரண்டு மணி நேரத்தில் 11.1, அல்லது அதற்கு மேல் வந்தால் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாவிட்டால் இன்னொரு நாள் பார்த்து உறுதிசெய்வார்கள். இரண்டாவது அளவு 7.8க்கும் 11க்கும் இடையில் என்றால் நோயின் வாசலில் நிற்கிறீர்கள், திரும்பி வர வழி இருக்கிறது. எடுத்த இரத்தத்தைக் குளிரில் வைக்காமல் மணிக்கணக்கில் விட்டால் சிவப்பணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும், அளவு குறைவாகக் காட்டும். பயத்தில் மூன்று நாள் முன்னாலிருந்தே சோற்றை நிறுத்துகிறவர்களுக்கு நேர்மாறாக அளவு கூடி வரும். அதனால் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இருந்ததை மருத்துவரிடம் சொல்லி, இரண்டு மணி நேர அளவையும் கேட்டு வாங்குங்கள்.