கல்லூரிப் பெண்கள் அணிக்குக் கோச்சாக இருப்பதையே வாழ்நாள் தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா? அப்படி யாராவது இருந்திருக்கிறார்களா?

முடியும். ஆனால் நான் சொல்லப்போகிறவர் அந்த வேலையில் சேர்ந்தபோது அதை வேலை என்று யாரும் மதிக்கவே இல்லை.

பாட் சம்மிட். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு 1974 முதல் 2012 வரை, 38 சீசன், தலைமைக் கோச். 1,098 வெற்றி, 208 தோல்வி, 8 தேசியப் பட்டம். கூடைப்பந்துக்காரர்கள் இந்த எண்களை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். கல்லூரியில் மூன்று வருடம் ஆடியவள் என்ற முறையில் எனக்கு மறக்காத எண் வேறு: மாதம் 250 டாலர். அவருடைய ஆரம்பச் சம்பளம்.

அவர் அங்கே போனது தலைமைக் கோச்சாக அல்ல. முதுகலை படித்துக்கொண்டே உதவியாளராக இருக்கத்தான் போனார். இருந்த கோச் திடீரென்று விலகிக்கொள்ள, 22 வயதில் மொத்த அணியும் இவர் தலையில் விழுந்தது. வீராங்கனைகளில் சிலர் இவரைவிட ஒரே ஒரு வயது சின்னவர்கள். வேனை இவரே ஓட்டினார், ஜெர்சியை இவரே துவைத்தார். அந்த ஜெர்சியும் முந்தின வருடம் டோனட் விற்ற காசில் வாங்கியது. வெளியூர் போனால், தங்க ரூம் எடுக்கப் பணமில்லாமல் எதிரணியின் உள்ளரங்கிலேயே படுத்துத் தூங்கியதும் உண்டு. (எங்கள் கல்லூரியில் ஜெர்சியை நாங்களே வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைப்போம். கோச் துவைத்துத் தருவதெல்லாம் கனவில்கூட நடக்காது.) முதல் ஆட்டத்தில் மெர்சர் அணியிடம் 84-83 என்று ஒரே புள்ளியில் தோல்வி.

கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற அமெரிக்கச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. சட்டம் வந்தது, பணம் வரவில்லை. அந்த நிலைமையில்தான் அவர் பாடம் நடத்தி, தானும் படித்து, அடிபட்ட முழங்காலைத் தேற்றிக்கொண்டு, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளி வாங்கினார். பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்குக்குள் வந்ததே அந்த வருடம்தான். அப்புறம் 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸில் கோச்சாகத் தங்கம்.

என்னைக் கேட்டால், பட்டங்களைவிடப் பெரிய வேலை ஒன்றை அவர் கோர்ட்டுக்கு வெளியே செய்தார். டென்னசி மாநிலப் பள்ளிகளில் அன்று பெண்கள் ஆடியது ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் ஆட்டம். மூன்று பேர் ஒரு பாதியில் நின்று கூடையில் போடுவார்கள். மூன்று பேர் மறு பாதியில் நின்று தடுப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. பெண் பிள்ளைகள் முழு கோர்ட்டும் ஓடினால் உடம்பு தாங்காது என்ற பழைய நினைப்பு. தடுப்பில் நிற்கிற பெண் பள்ளி முடிக்கும்வரை ஒருமுறைகூடக் கூடையைப் பார்த்துப் பந்து எறிந்திருக்க மாட்டாள். கல்லூரியில் ஐந்து பேர் ஆட்டத்துக்கு அவளை எப்படி எடுப்பது? உதவித்தொகை எல்லாம் வெளிமாநிலப் பெண்களுக்கே போனது. பாட் இதை வெளிப்படையாக எதிர்த்தார். முறை மாறாவிட்டால் சொந்த மாநிலத்திலிருந்து ஆள் எடுக்க மாட்டேன் என்றுகூடச் சொன்னார். 1979-ல் மாற்றினார்கள். அதன் பிறகு அந்த மாநிலத்தில் வளர்ந்த பெண்களில் எத்தனை பேருக்கு இந்த விஷயம் தெரியுமோ.

தொழில் என்று யோசிக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் தேசியப் பட்டம் 1987-ல்தான் வந்தது. பதின்மூன்றாவது சீசன்! இன்றைக்கு எந்த நிர்வாகம் அவ்வளவு நாள் பொறுத்துக்கொள்ளும் என்று தெரியவில்லை. பிறகு 89, 91, தொடர்ந்து 96, 97, 98, கடைசியாக 2007, 2008. இதில் 1997-ல் பத்து ஆட்டம் தோற்ற அணி பட்டம் வென்றது. அடுத்த வருடம் 39-க்கு 39.

கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும், மட்டம் போட்டால் ஆட்டத்தில் இடமில்லை. அவரிடம் முழுக் காலமும் ஆடிய ஒவ்வொரு பெண்ணும் பட்டம் வாங்கியிருக்கிறாள். அவர் முறைத்துப் பார்க்கும் பார்வைக்குத் தனியாகவே ஒரு புகழ் உண்டு.

1990-ல் நடந்தது இது. நிறைமாத கர்ப்பிணியாக, மிஷெல் மார்சினியாக் என்ற பள்ளி மாணவியை அணிக்கு அழைக்க விமானத்தில் பென்சில்வேனியா போனார். போன இடத்தில் பிரசவ வலி. திரும்பும் வழியில் வர்ஜீனியாவில் இறக்கிவிடலாம் என்றார்கள் விமானிகள். மாட்டேன் என்றுவிட்டார். அந்த வருடம் தேசியப் பட்டத்துக்கான கடைசி நான்கு அணிகளின் ஆட்டங்கள் டென்னசியின் சொந்த ஊரான நாக்ஸ்வில்லில் நடந்தன; கூடுதல் நேரம் வரை போன ஆட்டத்தில் தோற்கடித்து, இவர்கள் அதற்குள் நுழையவிடாமல் செய்தது வர்ஜீனியா அணி. அந்த மண்ணிலா என் பிள்ளை பிறப்பது என்ற கோபம்! மகன் டைலர் நாக்ஸ்வில்லில்தான் பிறந்தான். அந்த மாணவி முதலில் வேறு கல்லூரிக்குப் போய், பிறகு இவரிடமே வந்து, 1996 பட்டத்தை வென்ற அணியில் ஆடினார்.

அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிக்கு வரும்படி இரண்டு முறை கேட்டார்கள். போகவில்லை. சம்பளம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2006-ல் போட்ட ஒப்பந்தத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அதுவே முதல் முறை.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு அல்சைமர் என்ற மறதி நோய் ஆரம்பித்திருப்பதை வெளியே சொன்னார். சொல்லிவிட்டு இன்னும் ஒரு சீசன் இருந்தார். பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்க, எழுந்து நின்று ஆட்டத்தை நடத்தியவர் உதவிக் கோச் ஹோலி வார்லிக். 2012 மார்ச்சில் பேலர் பல்கலைக்கழக அணியிடம் 77-58 என்று தோற்றது கடைசி ஆட்டம். ஏப்ரலில் பொறுப்பை வார்லிக்கிடம் கொடுத்தார். 250 டாலர் சம்பளத்தில் பாட் வேலை தொடங்கி இரண்டு வருடமே ஆகியிருந்த 1976-ல் அதே அணிக்கு ஆட வந்த பெண் அந்த வார்லிக்.