நேற்றைய அளவு இன்றைய பாறைக்கு ஆகாது

கேள்வி: ஆத்தூர் என் சொந்த ஊர். எம்.எஸ்ஸி. ஜியாலஜி முடித்து, மூன்று வருடமாக உத்தராகண்டில் ஒரு கன்சல்டன்சியில் டனல் ஜியாலஜிஸ்டாக இருக்கிறேன். இப்போது ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்திருக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியிலும் கூப்பிடுகிறார்கள். அப்பாவுக்கு பைபாஸ் ஆனதிலிருந்து ‘வந்துவிடும்மா’ என்கிறார். அண்ணன் துபாயில். எனக்கோ அலுத்துவிட்டது, ஷிப்டு நெருக்கடியில் சில நாள் முந்தைய நாள் அளவுகளை வைத்தே ஃபேஸ் மேப்பை (வெடித்ததும் டனல் முனையில் தெரியும் பாறையின் வரைபடம்) நிரப்பிவிடுகிறேன். கன்சல்டிங், ஆராய்ச்சி, ஆசிரியர் வேலை, இதில் எதை எடுப்பது?

பதில்: எதை எடுப்பது என்பதை அப்புறம் பார்ப்போம். ‘நிரப்பிவிடுகிறேன்’ என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

டனலுக்குக் குறுக்கே ஸ்ட்ரைக் (கிடைத்திசை) போகிற, களிமண் அடைத்த ஒரு ஜாயின்ட், அதாவது பாறை விரிசல், நீங்கள் வந்த பக்கமாக 45 டிகிரி சரிந்திருக்கிறது என்று வையுங்கள். நேற்று தரையோரம் தெரிந்தது, 2 மீட்டர் வெடித்து முன்னேறினால் இன்று 2 மீட்டர் மேலே இருக்கும். இன்னும் இரண்டு மூன்று ரவுண்டில் கூரைக்கே போய்விடும். உங்கள் மேப்பில் மட்டும் அது தரையோரமே கிடக்கும்.

அல்லது புதிதாக ஒரு ஜாயின்ட் செட் (ஒரே வாட்டத்தில் போகிற விரிசல் கூட்டம்) சேர்ந்திருக்கலாம். பாறையின் தரத்தை எண்ணாகச் சொல்லும் கியூ முறையில், செட்டுகளுக்கான எண்ணான ஜே.என். இரண்டு செட் என்றால் 4, மூன்று என்றால் 9. ஜே.என்.னால் வகுப்பதால், மற்றதெல்லாம் மாறாவிட்டாலும் கியூ 6 என்பது 2.7 ஆக இறங்கும். ‘சுமார்’ பாறை ‘மோசம்’ ஆகிவிட்டது, பாறையில் இறக்கும் ராக்போல்ட் கம்பிகளின் இடைவெளியும், பீய்ச்சும் கான்கிரீட்டான ஷாட்கிரீட்டின் கனமும் மாற வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டது பழைய எண்ணுக்கு. அதை நம்பி உள்ளே போகிற டிரில்லருக்கும் ஊரில் ஒரு அப்பா இருக்கிறாரம்மா. 1959 டிசம்பரில் பிரான்சின் மால்பாசே அணை உடைந்து 400 பேருக்கு மேல் செத்தார்கள். கான்கிரீட்டில் குறையில்லை, இடது கரையில் நைஸ் என்ற பாறையின் பலகை அடுக்குகள் இருந்த வாட்டமும், முன்கூட்டியே கண்டறியாத ஒரு ஃபால்ட்டும் (பாறை நகர்ந்த பிளவு)தான் காரணம்.

நேரமில்லை என்பீர்கள். வெடித்து விழுந்த கல்லை (மக்) அள்ளி, தொங்கும் கல்லைத் தட்டிவிட்ட பிறகு, ஷாட்கிரீட்டுக்கு முன் 20 நிமிடம் வேண்டும் என்று ஷிப்டு இன்சார்ஜிடம் எழுதியே கேளுங்கள். டனலைத் தாங்கும் ஸ்டீல் ரிப்பும், ஜம்போ என்ற டிரில்லிங் வண்டியும் காம்பஸ் முள்ளை இழுக்கும். அதனால் டனல் அச்சின் திசையை சர்வேயரிடம் வாங்கி, ஸ்ட்ரைக்கை அதிலிருந்து கோணமாக அளந்துகொள்ளுங்கள். டிப்புக்கு, அதாவது சரிவுக் கோணத்துக்கு, அந்தத் தொல்லை இல்லை, சாய்வளக்கும் கிளினோமீட்டர் போதும். ஒரு செட்டுக்கு மூன்று இடத்திலாவது அளவு வேண்டும். எட்டுகிற ஜாயின்ட்டை விரலால் தேய்த்துப் பாருங்கள்: வழுவழுப்பா, சொரசொரப்பா, களிமண் ஒட்டுகிறதா? நேற்றைய மேப்பும் கையில் இருக்கட்டும், எந்த ஜாயின்ட் இன்று எங்கே வர வேண்டும் என்று தேடுவதற்கு.

ஏற்கெனவே நிரப்பியவற்றை விட்டுவிட முடியாது. அந்த இடங்களின் செயினேஜ்களை (டனலில் அந்த இடத்தின் தூரக்குறி) பட்டியல் போட்டு சீனியர் ஜியாலஜிஸ்டிடம் கொடுங்கள். அன்றைய போட்டோ, ஓவர்பிரேக் (தேவைக்கு மேல் பெயர்ந்த பாறை), கன்வெர்ஜென்ஸ் ரீடிங் (டனல் சுவர்கள் உள்நோக்கி நெருங்கிய அளவு) மூன்றையும் வைத்து எங்கே சப்போர்ட் குறைந்திருக்கிறது என்று பார்க்கலாம். திட்டு விழும், வேலை போனாலும் போகும். வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைச் செய்யாமல் கல்லூரிக்குப் போகாதீர்கள். ஃபீல்டு கேம்ப்பில் பக்கத்துக் குழுவின் நோட்டைப் பார்த்து எழுதும் பையனை எந்த முகத்தோடு கண்டிப்பீர்கள்?

செய்து முடித்தபின் ஜே.ஆர்.எஃப்.தான் என் கட்சி. மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. ஆராய்ச்சிக்கு இமயமலைதான் வேண்டும் என்றில்லை. பாறைகள் உரசி நகர்ந்த பட்டையான சேலம்–ஆத்தூர் ஷியர் ஸோன் உங்கள் வீட்டு வாசலில் ஓடுகிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே ஜியாலஜி துறை இருக்கிறது. கைடு அமைந்தால் காலையில் பாறை, மாலையில் அப்பா. பெற்றவரைப் பார்ப்பது கடமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது உங்களுக்கு மட்டும் எழுதிவைத்ததல்ல. செக்கப்புக்கு எந்த மாதம் யார் கூட்டிப் போவது என்று அண்ணனிடம் இந்த வாரமே பேசுங்கள். பணம் அனுப்புகிறேன் என்று அவர் ஒதுங்கினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆனால் செயினேஜ் பட்டியல் அதற்கும் முன்னால். அதை இன்றிரவே எழுதுங்கள்.