கோப்பிக்கொட்டையை வீட்டுக்குள் வறுக்காதீர்கள், தம்பி

ஒஸ்லோவுக்கு வந்து மூன்று கிழமைதான் ஆகிறது, அம்மா கிளிநொச்சியில் இடித்துக் கட்டித் தந்த மல்லிக் கோப்பித்தூள் முடியப்போகிறது, இனி இங்கேயே வறுத்து இடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, மொழி வகுப்பு. அவற்றுக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். நான் கோப்பிக்கு வருகிறேன்.

கொட்டையை வீட்டுக்குள் வறுக்காதீர்கள். 1998 மாரியில், நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலைக்குப் போன புதிதில் நான் வறுத்தேன். தாச்சியில் கொட்டை கறுத்து எண்ணெய் விட்டதும் புகை எழும்பியது, புகைமணி அலறியது. கட்டடம் முழுவதும் பனிக்குள் இறங்கி நின்றது. நான் வெறுங்காலோடு, கையில் அகப்பையோடு. தீயணைப்பு வண்டியும் வந்தது.

புகைமணியின் பற்றரியைக் கழற்றிவிட்டு வறு என்று சொல்ல நம்மவர்களில் ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு புகைமணி இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். இருபது வருடம் இருந்தும் அது உறைக்காதவர்களிடம் யோசனை கேட்காதீர்கள்.

வறுக்கத் தேவையும் இல்லை. நோர்வேக்காரருக்கும் தூளைக் கேத்திலில் கொதிக்கவைத்துக் குடிக்கும் பழக்கம் உண்டு. அதற்கென்று பெரும்பருவமாக அரைத்த தூள் கடையில் இருக்கிறது. பைக்கற்றில் ‘கொக்மால்ட்’ (kokmalt) என்று பாருங்கள். வடிகட்டிக்கு அரைத்த தூள் கலங்கலாகும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

250 கிராம் தூளுக்கு 100 கிராம் மல்லி, பெருவிரல் அளவு வேர்க்கொம்பு (சுக்கு), ஒரு தேக்கரண்டி மிளகு. மல்லியையும் மிளகையும் மெல்லிய சூட்டில், வாசம் வரும்வரை மட்டும் வறுங்கள். வேர்க்கொம்பைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்த பிறகே கிரைண்டரில் போடுங்கள். முழுதாகப் போட்டு ஒரு கிரைண்டரைச் சாகடித்தவன் சொல்கிறேன். மல்லியைக் கூட்டினால் கோப்பியின் கசப்பு அடங்கிவிடும்.

போர் நடந்தபோது அரசு வன்னிக்குச் சாமான் வரவிடாத பொருளாதாரத் தடைக்காலத்தில் எங்கள் வீட்டில் மல்லி கூடிக்கொண்டேதான் போனது. புதுக்குடியிருப்பில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். கோப்பிக்கொட்டை ஒரு பிடி கிடைத்தால் அம்மா இரண்டு பிடி மல்லி போடுவார். சீனிக்கு வழியில்லை. பனங்கட்டியைப் பாக்குவெட்டியால் நறுக்கி, ஆளுக்கொரு துண்டு உள்ளங்கையில் வைப்பார். கடித்துக் கடித்து ஒரு கோப்பை குடிக்க வேண்டும். நான் முதல் மிடறிலேயே துண்டை முடித்துவிட்டுத் தங்கையின் கையைப் பார்ப்பேன்.

செத்தவீட்டு இரவுகளில் பெரிய கிடாரத்தில் கொதிக்கும். இறக்கியதும் யாராவது ஒரு கிழவி வந்து குளிர்ந்த தண்ணீரை ஒரு கை அள்ளித் தெளிப்பார். மண்டி அப்படியே அடியில் படிந்துவிடும்.

நீங்களும் தெளியுங்கள். இங்கே குழாய்த் தண்ணீரே அந்தக் குளிர்தான்.